நான் கறி தின்றதைப் பார்க்க வந்த பதினோரு பேர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மச்சான் மணியின் கோழிக்கறிக் கடை முன்னால் இருந்தவர்கள்: கடைக்காரன் மணி. அவன் அக்காவும் என் பெண்சாதியுமான சரோஜா. எங்கள் மருந்தகத்து டாக்டரம்மா. எதிர்வீட்டு ரஞ்சிதம், அவள் புருஷன். டெய்லர் பாஷா பாய், கழுத்தில் டேப்போடு. இஸ்திரி வண்டிக்காரர், அவர் சம்சாரம். பால்காரர். எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர். முட்டைகூடத் தொடாத மனுஷன், என்ன நடக்கிறது என்று புரியாமல் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக, கடைக்கு இடம் விட்ட ஓனர். அவர் சாவியை வாங்கிக்கொண்டு போக வந்தவர். மொத்தம் பதினோரு பேர். கூண்டில் இருபத்திரண்டு கோழி. நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் நான், என் மடியில் ஒரு எவர்சில்வர் தட்டு.

தட்டில் அரைக் கிலோ கோழிக்கறி. அதைத் தின்ன வேண்டியவன் நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் நான் தின்றுவிட்டு விழுகிறேனா இல்லையா என்று பார்க்க வந்தவர்கள்.

இப்போது மருந்தகத்தில் வேலை பார்க்கிற பசங்க என்னைப் பார்த்தால் விடுவதில்லை. "அண்ணே, அந்தப் பறவைக் காய்ச்சல் கதையைச் சொல்லுண்ணே" என்பார்கள். சொன்ன கதை ஒவ்வொருத்தன் வாயிலும் வளர்ந்துகொண்டே போகிறது. போன வாரம் ஒருத்தன் நான் மூணு முழுக் கோழி தின்றதாகச் சொன்னான். அரைக் கிலோ. அதுவும் எலும்போடு. இதை எழுதிவைக்காவிட்டால் என் பேரப்பிள்ளைகள் காலத்தில் நான் ஒரு பண்ணையையே தின்றவனாகிவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நான் பயந்த சுபாவம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. எட்டாவது முழுப்பரீட்சை அன்று வயிறு கலக்குது என்று பாதியில் எழுந்து வீட்டுக்கு வந்தவன், அதற்கப்புறம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. கொஞ்ச காலம் கடலை மண்டியில் மூட்டை தைத்தேன். 1989-ல், திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. கதவைத் திறப்பது, கூட்டுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொள்வது. ட்ரெயினிங் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாள் ஒரு எருமை உதைத்தது. எந்தப் பக்கம் நிற்கக் கூடாது என்பதை அதுதான் கற்றுக்கொடுத்தது.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒருத்தர் நாயைக் கொண்டுவந்தார். நாய் ஒரு மாதிரி முழித்தது. நான் கயிற்றின் இந்தக் கோடியைப் பிடித்திருந்தேன், நாய் அந்தக் கோடியில் இருந்தது. நடுவில் ஆறடி. கயிற்றில் எச்சில் பட்டிருக்குமோ, அது என் கையில் பட்டிருக்குமோ, கையில் கீறல் இருக்குமோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. விடிந்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "நாய் கீறிடுச்சு" என்று பொய் சொல்லி, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டேன். அந்த நாய்க்கு ஒரு நோயும் இல்லை. காதில் ஏதோ பூச்சி போயிருந்ததாம். அதற்கப்புறம் ஆறு வருஷம் வாலை ஆட்டிக்கொண்டு ஊருக்குள் திரிந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டியது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வேளையில்தான், ரெண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில், டாக்டரம்மா வந்தார்கள். என்னைவிட வயதில் சின்னவர்கள். ஒல்லி உருவம், ஒரு பழைய ஸ்கூட்டர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் முழுசாகக் கேட்பார்கள். சொல்லி முடித்ததும் ஒரே வார்த்தை: "அப்புறம்?" அதற்கு ஏதாவது சொல்வோம். மறுபடியும் "அப்புறம்?" மூணாவது அப்புறத்தில் பொய் தீர்ந்துவிடும். நாலாவது அப்புறத்தில் பயமும் தீர்ந்துவிடும். "மாடு மூணு நாளா மேயலம்மா" என்று வருகிறவன், நாலாவது அப்புறத்தில், "பந்தியில மிஞ்சின சோத்தை ஒரு அண்டா வெச்சுட்டேம்மா" என்று ஒப்புக்கொள்வான்.

சனிக்கிழமை எங்களுக்குக் கோழி நாள். வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்கத் தடுப்பூசி. பெண்கள் விடிகாலையில் கோழியைத் திறந்துவிடுவதற்கு முன்பே கூடையில் போட்டு, மேலே ஒரு பழைய புடவையைக் கட்டி, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மருந்து கட்டைவிரல் அளவு புட்டியில் பொடியாக வரும். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் அதைக் கொண்டுவருவது என் வேலை. கரைத்துவிட்டால் ரெண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நான் இறக்கையை விரித்துப் பிடிப்பேன், டாக்டரம்மா இறக்கைக்கு அடியில் தோலைக் கிள்ளித் தூக்கி அரை மில்லி போடுவார்கள். கோழிக்கே தெரியாது. எல்லாம் முடிந்ததும் கை கழுவுவார்கள் பாருங்கள், அது ஒரு பூஜை மாதிரி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு. வாய்க்குள் இருபது வரை எண்ணுவார்கள். ஒருநாள் நான் கழுவியதைப் பார்த்துவிட்டு, "கோவிந்தசாமி, நீங்க கையைக் கழுவலை. நனைச்சீங்க" என்றார்கள். அன்றிலிருந்து நான் நாற்பது வரை எண்ணுகிறேன்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. வடக்கே எங்கேயோ கோழிகள் கூட்டம் கூட்டமாகச் சாகுதாம், பறவைக் காய்ச்சலாம், மனுஷனுக்கும் வருமாம் என்று பேப்பரில் போட்டார்கள். வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் சாக்கு தூக்கிக்கொண்டு போகிற படம். அந்தப் படத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தொண்டை கரகரத்தது.

டாக்டரம்மா மருந்தகத்துக்கு வந்த ஜனங்களை உட்காரவைத்துப் பேசினார்கள். "நம்ம ஜில்லாவுல இல்ல. இருந்தாலும் வீட்டுல ஆறு விஷயம் பார்த்துக்கங்க. செத்த கோழி, காக்கா எதையும் வெறுங்கையால தொடாதீங்க. கோழியைத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. கோழிய சமையக்கட்டுலயும் படுக்கிற எடத்துலயும் விடாதீங்க. பச்சைக் கறி வெட்டின கத்தியையும் பலகையையும் கழுவாம வேற எதுக்கும் தொடாதீங்க. கறியில சிவப்பு இல்லாம, முட்டையில மஞ்சக்கரு கெட்டியாகிற வரைக்கும் வேகவையுங்க. ஒரே நேரத்துல நிறைய கோழி செத்தா மறைக்காம எங்களுக்குச் சொல்லுங்க. அவ்ளோதான். மத்தபடி பயப்படாம சாப்பிடுங்க."

ஆறையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி எடுத்துக்கொண்டேன். "பயப்படாம சாப்பிடுங்க" என்பதை மட்டும் எழுத இடம் போதவில்லை.

அந்தச் சமயத்தில் மருந்தகத்துக்கு ரெண்டு பாதுகாப்பு உடை வந்தது. வெள்ளை அங்கி, கண்ணாடி, முகமூடி, கையுறை, ரப்பர் பூட்ஸ். அதைப் போடுவதற்கும் கழற்றுவதற்கும் வேலூரில் ஒருநாள் பயிற்சி. போக வேண்டிய கால்நடை ஆய்வாளருக்கு முட்டி வலி என்பதால் நான் போனேன். போடுவது பெரிசில்லை, கழற்றுவதுதான் வேலை. முதலில் கையுறை. அப்புறம் அங்கியை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். அப்புறம் கண்ணாடி. கடைசியாகத்தான் முகமூடி. நடுவில் நடுவில் கை கழுவ வேண்டும். திரும்பி வந்து, ஒரு செட்டை மருந்தக பீரோவில் வைத்தேன். இன்னொன்றை, எலி கடித்துவிடும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். எலி ஒரு சாக்கு. கேட்டு வாங்கவும் இல்லை.

வீட்டில் அப்போது என் பெரிய தலைவலி ஒரு சேவல். சரோஜா, தன் தம்பி மணி புதிதாகக் கறிக்கடை போட்டபோது, கடை நல்லா நடக்கணும் என்று முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. ஆடி மாசம் கோயிலில் கொண்டுபோய் விடுகிற வரைக்கும் அதை விற்கக் கூடாது, அடிக்கக் கூடாது, கூண்டில் போடக் கூடாது. சாமி சேவல். அது எங்கள் கட்டில்மேல் ஏறும். அரிசி மூட்டைமேல் தூங்கும். ஒருநாள் நான் சாப்பிடும் தட்டின் விளிம்பில் நின்று என் முகத்தையே பார்த்தது.

"சரோஜா, இதைக் கொஞ்ச நாளைக்கு உங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வரலாமா?"

"சாமிக்கு நேர்ந்ததை லாட்ஜ் லாட்ஜா அனுப்புவீங்களா? தம்பி கடைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பொறுப்பு? சும்மா இருங்க."

அதனால் நான் என்னை மட்டும் காப்பாற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். முட்டையை முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். தரையில் போட்டால் அது எகிறியது. வாசலில் ஒரு பிளாஸ்டிக் பேசினில் பினாயில் ஊற்றி வைத்தேன். உள்ளே வருகிறவர்கள் காலை அதில் நனைத்துவிட்டுத்தான் வர வேண்டும். பாஷா பாய் ஒருமுறை நனைத்தார். அப்புறம் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போனார். சேவல் குடிக்கும் தண்ணிச் சட்டிக்குக் காக்கா வருகிறது என்று, அந்தச் சட்டியைக் கவிழ்த்துவைத்தேன். இதைச் சரோஜாவிடம் சொல்லவில்லை.

அன்று வியாழக்கிழமை, பங்குனி வெயில். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். சரோஜா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பேசின் பக்கத்தில் சேவல் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது.

வெறுங்கையால் தொடக் கூடாது என்பது ஞாபகம் வந்தது. அது ஒன்றுதான் சரியாக ஞாபகம் வந்தது. உள்ளே ஓடி அங்கி, பூட்ஸ், கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாவற்றையும் மாட்டினேன். டாக்டரம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று, அதே கோலத்தில் தெருமுனை போன் பூத்துக்கு நடந்தேன். மூச்சுக்காற்றில் கண்ணாடி பூராவும் ஆவி. கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டே போனேன். பூத்துக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்தார், கல்லாவைப் பூட்டக்கூட இல்லை, ஓடிவிட்டார். ரஞ்சிதம் வாசலிலிருந்து, "ஐயோ, நம்ம தெருவுக்கே வந்துடுச்சா!" என்று கத்தினாள். ஒன்றுமில்லை என்று சொல்ல ரெண்டு கையையும் ஆட்டினேன். கிட்ட வராதே என்று எடுத்துக்கொண்டாள். கதவைப் படார் என்று சாத்தினாள். அடுத்தடுத்த கதவுகளையும் சாத்துகிற சத்தம் பூத்து வரைக்கும் கேட்டது. ஆளில்லாத பூத்தில் நானே போனை எடுத்துச் சொன்னேன்.

டாக்டரம்மா ஸ்கூட்டரில் வந்தபோது தெருவில் நான் ஒருத்தன்தான் நின்றேன். ஜன்னலுக்கு ஜன்னல் முகம். நான் ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன்.

"அப்படியே நில்லுங்க. முதல்ல கழட்டுங்க. வரிசையா."

தெரு முழுக்கப் பார்க்க, நடு ரோட்டில் கழற்றினேன். பதற்றத்தில் முகமூடியை முதலில் இழுத்துவிட்டேன். "தப்பு" என்றார்கள். மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினேன். கடைசியில் லுங்கியோடு நின்றபோது பக்கெட்டைக் காட்டி, "கை" என்றார்கள்.

அப்புறம் அவர்கள் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு சேவலைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கோழிகளையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. சேவலின் அலகைத் திறந்தார்கள். உள்ளே வெள்ளையாக வெந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"இது என்ன பேசின்?"

"கால் நனைக்கம்மா. பினாயில்."

"எவ்ளோ?"

"ஒரு பாட்டில்."

"தண்ணி?"

"அதுவும் ஒரு பாட்டில்தாம்மா."

"அப்புறம்?"

"சேவல் தண்ணிச் சட்டிய கவுத்து வெச்சேம்மா. காக்கா வருதுன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்லம்மா. தாகத்துல இதைக் குடிச்சிருக்கும்."

"கோவிந்தசாமி, நான் சொன்னது ஆறு விஷயம். பினாயில் எங்க வந்துச்சு?"

"ஏழாவதா நானே சேர்த்துக்கிட்டேம்மா."

காரணம் தெரிந்துவிட்டாலும் அவர்கள் முறையை விடவில்லை. மாதிரி எடுத்து அனுப்பினார்கள், மேலே தகவல் சொன்னார்கள், ஆழமாகக் குழி தோண்டவைத்து, சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவைத்தார்கள். குழி தோண்டியது நான்.

சரோஜா வந்து குழியைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. சாயங்காலம் மணி வந்தான்.

"இன்னா மாமா இது? மூணு மணிக்கு மேல கடைக்கு வந்தது ஒரே ஒரு நாய். அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

"பினாயில்தான் மச்சான். காய்ச்சல் இல்ல."

"அதை வெள்ளை டிரெஸ்ஸு போடறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

அடுத்த நாளும் யாரும் வரவில்லை. பௌர்ணமி அன்று ஊரில் கறி வாங்க மாட்டார்கள், அது மாசத்துக்கு ஒருநாள். அவனுக்குத் தினமும் பௌர்ணமி ஆகிவிட்டது. கிலோ ஐம்பது ரூபாய் என்று எழுதியிருந்த பலகையை நாற்பது ஆக்கினான், முப்பது ஆக்கினான், இருபது ஆக்கினான். "விக்காத கோழி சும்மா இருக்காது மாமா, தீனி தின்னும்" என்றான். ஓனர் வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், இல்லையென்றால் சாவியைக் கொடு, வேற ஆள் காத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போனார். கடை போனால் மணி பெங்களூருக்குக் கல் சுமக்கத்தான் போக வேண்டும். முன்னாடி நாலு வருஷம் அங்கே சுமந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் திரும்பி வந்தான். சரோஜா எனக்கு முன்னால் தட்டை வைப்பாள், போய்விடுவாள். உப்பு போதுமா என்று கேட்கிற வழக்கமும் நின்றுபோனது.

அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் மாதிரிக்குப் பதில் வந்தது. காய்ச்சல் இல்லை. டாக்டரம்மா அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் தெருவுக்கு வந்து படித்துக் காட்டினார்கள். யாரும் அசையவில்லை.

"பேப்பர்ல இல்லைன்னுதாம்மா எழுதுவாங்க" என்றார் இஸ்திரிக்காரர்.

"நான் சாப்பிட்டுக் காட்டவா?" என்றார்கள் டாக்டரம்மா.

"நீங்க படிச்சவங்க, தைரியசாலி. பாம்பையே பிடிப்பீங்க" என்றாள் ரஞ்சிதம். அப்புறம் என் பக்கம் கையைக் காட்டினாள். "இந்த மனுஷன் தின்னட்டும். மழை பேஞ்சா கரண்டு கம்பத்துக்கு நாலு வீடு தள்ளி நடக்கிறவரு. நாய் கடிக்காமலே பதினாலு ஊசி போட்டுக்கிட்டவரு. அவரு தின்னா நானும் திங்கிறேன்."

"அதான் சரி" என்றார் பாஷா பாய். "கோவிந்தசாமி தின்னுட்டா அதுக்கு மேல சர்ட்டிபிகேட் கிடையாது."

நான் சரோஜாவைப் பார்த்தேன். ஒன்பது நாளைக்கப்புறம் அவள் என்னை நேராகப் பார்த்தாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா என்று இன்றைக்கும் சந்தேகம்.

மறுநாள் காலை நானே சமைப்பேன் என்று கண்டிப்பாகச் சொன்னேன். மணி கூண்டிலிருந்து ஒன்றை எடுத்து வெட்டி, அரைக் கிலோ நிறுத்தான். பலகையைக் கழுவவைத்தேன், கத்தியைக் கழுவவைத்தேன், நான் கை கழுவி நாற்பது எண்ணினேன். கடை முன்னாலேயே ஸ்டவ். அரை மணி ஆயிற்று, மூடியைத் திறந்தேன், மூடினேன். முக்கால் மணி ஆயிற்று.

"இன்னும் எவ்ளோ நேரம்? வேகுறது கோழியா, கருங்கல்லா?" என்றாள் ரஞ்சிதம்.

ஓனர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி கையில் சாவியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். துண்டை எலும்போடு பிளந்து பார்த்தேன், சிவப்பு இல்லை. பிளக்கத் தேவையே இல்லை, அது தானாகவே பிரிந்து கிடந்தது. தட்டில் எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"அம்மா, நெஞ்சு அடிக்குது."

"அப்புறம்?"

"கை நடுங்குது."

"அப்புறம்?"

வாயில் போட்டேன். மென்றேன். விழுங்கினேன். பதினோரு பேரும் என் தொண்டையையே பார்த்தார்கள். கடைக்குள் கோழிகள்கூடக் கத்தவில்லை.

"அப்புறம்?" என்றார்கள் மறுபடியும்.

"உப்பு கம்மியா இருக்குதும்மா."

முதலில் பால்காரர் சிரித்தார். அப்புறம் எல்லோரும். வெள்ளைக்காரரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். சாகப் போகிறவன் உப்பைப் பற்றிக் கவலைப்பட மாட்டான் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. சரோஜா வீட்டுக்கு ஓடி உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, தன் கையாலேயே தூவினாள். "போதுமா?" என்றாள். நான் மிச்சத்தையும் தின்றேன். பயந்துகொண்டேதான் தின்றேன். ஆனால் தின்றேன்.

ரஞ்சிதம் பத்து நிமிஷம் பார்த்தாள். நான் விழவில்லை. "மணி, ஒரு கிலோ போடு, தோலில்லாம" என்றாள். பாஷா பாய், "எனக்கு ஒண்ணரை" என்றார். கடைசியில் ஓனர், சாவி கேட்க நீட்டவிருந்த கையாலேயே பையை நீட்டினார். "அரைக் கிலோ. ஈரல் இருந்தா சேத்துப் போடு." மத்தியானத்துக்குள் கூண்டில் மூணு கோழிதான் இருந்தது. செத்த சாமி சேவலுக்குப் பதிலாக அதில் ஒன்றைச் சரோஜா வாங்கப் போனாள். முனீஸ்வரனுக்குக் கடைக் கோழி ஆகாது, வீட்டில் வளர்ந்ததுதான் வேண்டும் என்று மணியே தடுத்துவிட்டான். ரஞ்சிதம் வீட்டிலிருந்து ஒரு சேவல் குஞ்சு வந்தது. ஆடியில் அது கோயிலுக்குப் போகிறவரை அதற்குத் தண்ணி வைத்தது நான்தான். தினமும் ரெண்டு வேளை.

பாதுகாப்பு உடையைக் கேட்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனதற்கு டாக்டரம்மா என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார்கள். எலி என்று எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "அப்புறம்?" என்றார்கள். பயம் என்று திருத்தி எழுதிக் கொடுத்தேன். அதை பைலில் வைத்துக்கொண்டார்கள்.

மணி கடை இன்றைக்கும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் போனால் கல்லாவிலிருந்தே கத்துவான். "மாமா, அன்னைக்குத் தின்ன காசு!" நான் அன்றைக்கே பத்து ரூபாய் கொடுத்துவிட்டேன். பலகையில் கிலோ இருபது என்றுதான் எழுதியிருந்தது, அரைக் கிலோவுக்குப் பத்து. அவன் ஒத்துக்கொள்வதில்லை. "இருபது என் கடை விலை இல்ல மாமா, அது உங்க வெள்ளை டிரெஸ்ஸு விலை. என் விலை ஐம்பது" என்பான். அந்தக் கணக்குப்படி அரைக் கிலோ இருபத்தைந்து. நான் கொடுத்தது போக மீதியை இத்தனை வருஷமாகக் கேட்கிறான், நானும் பலகையில் இருந்த விலைதான் விலை என்று இத்தனை வருஷமாகச் சொல்கிறேன். பாக்கெட்டில் காசு இல்லாமல் இல்லை. ஆனால் ஒருநாள் அந்தப் பக்கம் போகும்போது அவன் கத்தாமல் இருந்தால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கடைக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று. அதனால் பாக்கி அப்படியே நிற்கிறது: பதினைந்து ரூபாய்.